சம்பந்தம் பேசப் போய் ரப்பர் மீன் வீசிய கதை

பெர்லினுக்கு வந்த மறுநாள், பெண்ணுக்குச் சம்பந்தம் பேசப் போன வீட்டில், மீன் பிடிக்கிற இரையை எடுத்து வாயில் போட்டுக் கடித்துவிட்டேன். பிறந்ததிலிருந்து சைவம் நான். முட்டை போட்ட கேக்கைக்கூட மோந்து பார்த்துத் தள்ளி வைக்கிறவள்.

நான் யாரென்று சொல்லிவிடுகிறேன். திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு சாம்பிள் தைத்துக் கொடுக்கும் சின்ன யூனிட் வைத்திருக்கிறேன். கணவர் இல்லை. ஒரே பெண் நந்தினி. பெர்லினில் ஓர் ஆய்வகத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். அந்த ஆய்வகத்து லிஃப்ட் அடிக்கடி நின்றுவிடுமாம். அதைச் சரிபார்க்க வருகிற பையன் நிரோஜன், ஜெர்மனியிலேயே வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை. முதல் இரண்டு தடவை லிஃப்ட் தானாக நின்றது. அதற்குப் பிறகு எப்படி நின்றது என்று நான் விசாரிக்கவில்லை.

புறப்படும்போது என் கணவரின் அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். எங்கள் குடும்பத்தில் எதற்கும் கடைசி வார்த்தை அவருடையதுதான். "போய்ப் பாரு. புடிக்கலைன்னா மூஞ்சியில அடிச்சாப்ல சொல்லிராத. ஊருக்குப் போய் யோசிச்சுச் சொல்றோம்னு சொல்லிட்டு வந்துரு." உள்ளதைச் சொன்னால், அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டு வரத்தான் நான் விமானம் ஏறினேன். கடல் கடந்த இடம், அசைவ வீடு, யாரென்றே தெரியாத சனம். மனசு ஒப்பவில்லை.

நிரோஜன் வீடு இருக்கிற நொய்கெல்னுக்குச் சுரங்க ரயிலில் போகும்போது நந்தினி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, ரெண்டே ரெண்டு விஷயம். சம்பளம் கேட்காத. நிரோஜன் அப்பாவைப் பத்திக் கேட்காத. ப்ளீஸ்மா."

"அப்புறம் சம்பந்தம் பேசப் போய் என்னத்தப் பேசறது? மழை பெய்யுதான்னா?"

"ஆமா. இங்க அது நல்ல டாபிக்."

ரயில் நிலையத்தை விட்டு ஏறினால் தெருவெல்லாம் காய்கறிக் கடை. ஒரு தமிழ்க் கடை வாசலில் முருங்கைக்காயை ரப்பர் பேண்ட் போட்டு, பூங்கொத்து மாதிரி நிறுத்தி வைத்திருந்தார்கள். விலையைப் பார்த்தேன். பூங்கொத்து மாதிரி வைத்ததில் தப்பே இல்லை.

லிஃப்ட் சரிபார்க்கிற பையனின் வீட்டுக்கு லிஃப்ட் இல்லை. ஏறி முடிக்கும்போது எனக்கு மூச்சு வாங்கியது. கதவைத் திறந்தவர் நிரோஜனின் அம்மா பத்மா. என் வயதுதான் இருக்கும். குட்டையான உருவம், கட்டையாக வெட்டிய முடி, மாநகரப் பேருந்து ஓட்டுநர். இத்தனை காலம் அத்தனை பெரிய வண்டியைத் திருப்பித் திருப்பித் தோள் இரண்டும் பலகை மாதிரி ஆகியிருந்தன.

"வாங்கோ அக்கா, வாங்கோ. படி ஏறிக் களைச்சுப்போனியள். இருங்கோ, தேத்தண்ணி கொண்டு வாறன்."

பிள்ளைகள் இருவரும் அவருக்கு உதவுவதுபோல அடுக்களைக்குள் தப்பித்துக்கொண்டார்கள். என் முன்னால் மேசையில் ஒரு கண்ணாடிக் கிண்ணம். அதில் விரல் நீளத்துக்கு ஜெல்லி மிட்டாய்கள். பச்சை, வெள்ளை, ரோஸ் நிறம், உள்ளே மினுமினுப்பு. சோம்பு வாசனை வேறு. ஹோட்டலில் சாப்பிட்டதும் சோம்பு வைப்பார்களே, அதை இங்கே ஜெல்லியாகப் போட்டிருக்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். வந்த வீட்டில் வைத்ததைத் தொடாமல் இருந்தால் மரியாதை இல்லை. ஒன்றை எடுத்துக் கடித்தேன்.

உப்பு. அப்படி ஓர் உப்பு. பல்லுக்குச் சிக்காமல் வளைந்து வளைந்து கொடுத்தது. துப்பினால் அவமரியாதை. மென்றேன். பத்மா தட்டோடு வந்து பார்த்தார்.

"ஐயோ அக்கா! அது தின்னுற சாமான் இல்லை. மீனுக்குப் போடுறது!"

நான் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைத் தொட்டிக்கு ஓடினேன். வாயில் தண்ணீர் ஊற்றிக் கொப்புளிக்கிற இடைவெளியில் கேட்ட முதல் கேள்வி, "இது சைவமாங்க?"

"பிளாஸ்டிக் அக்கா. சுத்த சைவம்" என்றார் பத்மா. அடக்கிப் பார்த்து முடியாமல் சுவரில் சாய்ந்து சிரிக்க ஆரம்பித்தார். நந்தினி முகத்தை மூடிக்கொண்டாள். நிரோஜன் என்ன செய்வதென்று தெரியாமல் எனக்கு ஒரு துவாலை நீட்டினான். அவன் மேல் எனக்கு வந்த முதல் நல்ல எண்ணம் அந்தத் துவாலைதான்.

அது ரப்பர் மீன். ஜெர்மன்காரர்களும் அதை அப்படியேதான் சொல்கிறார்களாம். டொராண்டோவில் இருக்கும் பத்மாவின் தங்கை பார்சலில் அனுப்பியது. அட்டையில் வாயைப் பெரிதாகத் திறந்த ஒரு மீன் படம். அது பாஸ் என்கிற அமெரிக்க மீன். "இஞ்சை அந்த மீன் இல்லை. ஆனால் ஹெஷ்ட் எண்டு ஒண்டு இருக்கு. முதலையின்ரை வாய் மாதிரி வாய். அது இதைப் பாஸ் மீனை விட ஆசையாய்த் தின்னும்" என்றார் பத்மா. என்னைக் கணக்கில் சேர்க்கவில்லை.

பேருந்து ஓட்டுகிறவருக்கு மீன் எதற்கு என்று கேட்டேன். நாள் முழுக்க ஆட்கள் முதுகுக்குப் பின்னால் மணி அடிக்கிறார்கள், மணி அடிக்காத ஓர் இடம் வேண்டியிருந்தது என்றார். அதற்காகப் பரீட்சை எழுதி மீன்பிடி அனுமதியும் வாங்கியிருக்கிறார். யாழ்ப்பாணத்தில் இருந்தவரை மீனைச் சட்டியில் மட்டும்தான் பார்த்தவராம். ஆற்று மீன்களின் பெயர் எல்லாம் அவருக்கு ஜெர்மனில்தான் தெரியும்.

ஆனால் இந்த ரப்பர் மீன் அவருக்கு மசியவில்லை. தண்ணீரில் போட்டு இழுத்தால் பம்பரமாகச் சுற்றுகிறது, நூல் முறுக்கிக்கொள்கிறது என்று ஒன்றைத் தூண்டில் முள்ளில் கோத்துக் காட்டினார். எனக்குப் பார்த்ததுமே புரிந்தது. கழுத்துப் பட்டியில் துணி சுருங்கி நிற்பதுபோல, அந்த ரப்பர் உடம்பு முள்ளின் மேல் குவிந்து நின்றது. அப்படி ஒரு சட்டை என் மேசைக்கு வந்தால் பிரித்துத் தைக்கச் சொல்லிவிடுவேன்.

"குடுங்க, பார்க்கலாம்."

முள் நேரானது இல்லை. கழுத்தில் ஒரு படிபோல மடிப்பு வைத்து, அகலமாக வளைந்தது. மூக்கு வழியாகக் கொஞ்சம் குத்தி, தாடைக்கு அடியில் வெளியே எடுத்து, முழு முள்ளையும் இழுத்துத் திருப்பி, அந்த மடிப்பில் மூக்கைப் பொருத்த வேண்டும். அப்புறம் முள்ளை ரப்பரின் பக்கத்தில் தொங்கவிட்டு, வளைவு எங்கே வருகிறதோ அந்த இடத்தைப் பார்த்து வைத்துக்கொண்டு, அங்கே வயிற்றில் குத்தி முதுகில் வாங்க வேண்டும். பட்டன் ஓட்டைக்கு இடம் குறிப்பதுபோலத்தான். குறி கொஞ்சம் முன்னே பின்னே போனால் உடம்பு வளையும். கடைசியில் முள்ளின் நுனியை முதுகுத் தோலுக்குள் லேசாகச் செருகிவிட்டால், தண்ணீருக்கடியில் செடி கொடியில் மாட்டாதாம்.

சோதித்துப் பார்க்கக் குளியலறைத் தொட்டியில் தண்ணீர் நிரப்பினோம். அவர் கோத்தது சுழன்றது. நான் கோத்தது நேராக வந்தது. இழுப்பை நிறுத்தினால் வாலை லேசாக ஆட்டியபடி சாய்ந்து சாய்ந்து இறங்கியது. உயிர் உள்ளது மாதிரியே இருந்தது. சம்பந்திகள் ஆகப்போகிற இரண்டு பெண்களும் முட்டி போட்டுத் தொட்டிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பதைப் பிள்ளைகள் கதவோரம் நின்று பார்த்தார்கள்.

"அக்கா, சனிக்கிழமை நாங்கள் நாலு பேரும் ஏரிக்குப் போவம்" என்றார் பத்மா கையைத் துடைத்துக்கொண்டே. "கலியாணக் கதையைப் படகிலை வைச்சுக் கதைப்பம். அங்கையெண்டால் ஒருத்தரும் எழும்பிப் போக ஏலாது."

பெர்லினுக்கு வடக்கே மெக்லன்பர்க் பக்கம் ஏரிகள் சிதறிக் கிடக்கின்றன. வெளியூர்க்காரர்கள் பரீட்சை எழுதாமலே கொஞ்ச காலத்துக்கு மீன் பிடிக்க அங்கே ஓர் அனுமதிச் சீட்டு கொடுக்கிறார்களாம். ரயிலில் கிளம்பினோம். பாதி வழியில் தண்டவாள வேலை என்று இறக்கிவிட்டு, எல்லாரையும் பேருந்தில் ஏற்றினார்கள். பத்மா நேராகப் போய் ஓட்டுநருக்குப் பின்னால் முதல் இருக்கையைப் பிடித்தார். என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு காதில் விளக்கம் சொல்லிக்கொண்டே வந்தார். "இந்த வளைவிலை இவ்வளவு பிரேக் தேவையில்லை. பாருங்கோ, பாருங்கோ, கண்ணாடியைப் பாக்கேல்லை."

ஓட்டுநர் இளைஞர், அந்தப் பகுதிக்குப் புதியவர். சாலை மூடியிருந்ததால் ஒரு கிராமத்துக்குள் திரும்பினார். தெரு குறுகிக்கொண்டே போய் ஒரு மாட்டுத் தொழுவத்தின் முன்னால் முடிந்தது. ஜன்னலுக்கு வெளியே ஒரு பசு எங்களை ஆராய்ந்தது. பத்மா எழுந்தார். ஓட்டுநரிடம் இரண்டு வார்த்தை சொன்னார், கதவைத் திறக்க வைத்து இறங்கினார், பின்னால் போய் நின்று கையைக் காட்டத் தொடங்கினார். அத்தனை நீள வண்டி, பூ வேலிக்கும் சுவருக்கும் நடுவே நூல் பிடித்ததுபோலப் பின்வாங்கி வந்தது.

எனக்குப் பின்னால் இருந்த ஒரு கிழவி தன் கணவரிடம் என்னவோ கேட்டாள். அவர் பதில் சொல்ல, வண்டியே சிரித்தது. நிரோஜன் எனக்கு மொழிபெயர்த்தான்: "'யார் அந்த அம்மா, டிக்கெட் கொன்ட்ரோலா?' எண்டு அந்தப் பாட்டி கேட்டவ, ஆன்ட்டி. 'யாரா இருந்தால் என்ன, அவ இல்லாட்டி இண்டைக்கு இந்த மாட்டோடைதான் படுக்கை' எண்டு அவர் சொல்லுறார்."

அனுமதிச் சீட்டை அந்த ஊர்ப் பேக்கரியின் ஒரு மூலையில் கொடுத்தார்கள். கூடவே விதிகள் அச்சடித்த ஒரு சின்னப் புத்தகம். பத்மா படித்துச் சொன்னார். எந்த மீனும் குறித்த அளவுக்குக் குறைவாக இருந்தால் தண்ணீரில் விட்டுவிட வேண்டும். விளையாட்டுக்குப் பிடித்து விளையாட்டுக்கு விடுவது இந்த நாட்டில் குற்றம். அளவான மீனைப் பிடித்தால் அது சாப்பாட்டுக்கு.

"ஏனுங்க, நான் சாப்பிட மாட்டனே!"

"ரப்பரையே சாப்பிட்டனீங்கள், மீனுக்கு என்ன?" என்றார் பத்மா.

கவுன்ட்டரில் இருந்த பெண் சீட்டைக் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்து என்னவோ வாழ்த்தினாள். மீன் பிடிக்கிறவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லும் வாழ்த்தாம் அது. அங்கேயே உருளைக்கிழங்கு அடை கிடைத்தது. நம் ஊர் அடையேதான். ஆனால் தொட்டுக்கொள்ள ஆப்பிள் கூழ். நான் பையிலிருந்த பூண்டுப் பொடியை எடுத்தேன். நிரோஜன் தயங்கித் தட்டை நீட்டினான். அவன் அம்மாவும் நீட்டினார்.

ஏரிக்கரையில் இரண்டு அறை மர வீடு. பத்மா வந்ததும் ஒரு பையைப் பிரித்து, ஸ்டிக்கர்கூடக் கிழிக்காத ஒரு சட்டியை எடுத்து என் முன் வைத்தார். "இது உங்களுக்கு. புதுசு. மீன் படேல்லை. பருப்பும் புட்டும் இதிலை செய்வம்." அதை எதிர்பார்க்கவில்லை நான். தட்டிக்கழிக்கிற வாக்கியம் சொல்ல வந்தவளுக்குச் சட்டி வாங்கி வைத்திருக்கிறார்கள்.

மதியம் கரையில் நின்று எனக்குத் தூண்டில் வீசக் கற்றுக் கொடுத்தார்கள். முதல் வீச்சு முன்னால் போவதற்குப் பதில் பின்னால் போய் வேலியில் காய்ந்த துண்டைப் பிடித்தது. இரண்டாவது, பத்மாவின் தொப்பியைக் கழற்றி ஏரியில் போட்டது. நிரோஜன் சட்டையோடு இறங்கி அதை மீட்டான். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. தூண்டில் தடியைக் கீழ்நோக்கிப் பிடித்து, டொக், டொக் என்று இரண்டு வெட்டு, அப்புறம் சும்மா விடுதல். மீன் அடிப்பது அந்தச் சும்மா விடுகிற நேரத்தில்தானாம். எனக்கு வராதது அது ஒன்றுதான். யூனிட் நடத்துகிறவளுக்குக் கையைச் சும்மா வைத்திருக்கப் பழக்கமில்லை.

"கையை ஆட்டாதேங்கோ அக்கா. அது விழட்டும். விழட்டும் விடுங்கோ" என்று பத்மா தலையில் அடித்துக்கொண்டார்.

மறுநாள் காலை துடுப்புப் படகில் நானும் பத்மாவும் மட்டும். பிள்ளைகள் கரையில். நந்தினி எனக்கு மிதவைச் சட்டையைக் கட்டிவிட்டு, "ஞாபகம் இருக்கில்லம்மா?" என்று கண்ணால் கேட்டாள். இருக்கிறது என்று தலையாட்டினேன்.

ஏரி ஒரு மடிப்புக்கூட இல்லாமல் கிடந்தது. ஆம்பல் இலைகள் பரந்து கிடந்த ஓர் ஓரத்தில் நங்கூரத்தைப் போட்டார் பத்மா. முள் உள்ளே மறைந்திருக்கும் ரப்பர் மீனை இலைகளின் மேலேயே போட்டு இழுக்கலாம், விளிம்பு வந்ததும் தண்ணீருக்குள் வழுக்கி விழும் என்றார். ஹெஷ்டின் பல் நூலை அறுத்துவிடும் என்று நுனியில் மெல்லிய கம்பி கட்டியிருந்தார். கோக்கிற வேலை என்னுடையது. நான் கோத்தேன், இருவரும் வீசினோம். ஒன்றும் கடிக்கவில்லை. மழையைப் பற்றிப் பேசினோம். திருப்பூர் மழை, யாழ்ப்பாணத்து மழை, பெர்லின் மழை எல்லாம் முடிந்தது.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"பத்மாங்க, ஒண்ணு கேட்கலாங்களா? தம்பியோட அப்பா..."

பத்மாவின் தடி அப்படியே நின்றது. "கேக்க வேண்டாமெண்டு நந்தினி சொல்லியிருப்பாளே?"

"சொன்னா."

"பேந்தும் கேக்கிறியள்."

"ஊர்ல கேட்பாங்க. எனக்குப் பொய் சொல்ல வராதுங்க."

அவர் நூலை மெதுவாகச் சுற்றி எடுத்து, தடியைப் படகுக்குள் வைத்தார். "டோர்ட்மண்டிலை இருக்கிறார். வேறை குடும்பம். நிரோஜன் சின்னவனாய் இருக்கேக்கை போனவர். களவாய்ப் போகேல்லை. காலமை எழும்பி, தேத்தண்ணி குடிச்சு, சொல்லிப்போட்டுத்தான் போனவர். அப்ப நான் ஒஃபீசுகள் துப்புரவாக்கிற வேலை. பேந்துதான் பஸ்ஸுக்கு ஆள் எடுக்கினம் எண்டு அந்த ஆவுஸ்பில்டுங், தொழில் படிப்பு, செய்தது. வகுப்பிலை நான் ஒருத்திதான் பொம்பிளை. இவ்வளவுதான் கதை. உங்கட ஆக்களுக்குச் சொல்லுங்கோ."

நான் வீசிய ரப்பர் மீன் எங்கோ இலைகளின் ஓரத்தில் கிடந்தது.

"தாலி எடுத்துக் குடுக்க அவரைக் கூப்பிட என்னாலை ஏலாது" என்றார் பத்மா. "அது சரிவராதெண்டால் இப்பவே, என்ரை முகத்தைப் பாத்துச் சொல்லுங்கோ. ஊருக்குப் போய் யோசிச்சுச் சொல்லுறமெண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ அக்கா. எனக்கு அந்தக் கதை விளங்கும்."

என் வாயில் தயாராக வைத்திருந்த வாக்கியத்தை அவரே எடுத்துத் தண்ணீரில் போட்டுவிட்டார். முகம் சுட்டது. எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

"என்னை மட்டும் மேடையில விடுவாங்களாங்க?" என்று கேட்டேன். யோசித்துக் கேட்டதில்லை, தானாக வந்தது. "புருஷன் இல்லாதவ. பொண்ணு கல்யாணத்துல நான் ரெண்டாவது வரிசையில உட்கார்ந்து பார்க்கணும். கணவரோட அண்ணனும் அவரு சம்சாரமும் மேல நின்னு தாரை வார்ப்பாங்க. நந்தினி பள்ளிக்கூடம் சேர்ந்ததிலிருந்து ஒவ்வொரு ஃபீஸும் கட்டினவ நான்."

பத்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். "அப்ப நாங்கள் ரெண்டு பேரும்..."

அவர் முடிக்கவில்லை. என் நூல் தண்ணீரில் பக்கவாட்டில் நடந்து போய்க்கொண்டிருந்தது. பேச்சின் சூட்டில் நான் தடியை ஆட்டவே மறந்துபோயிருந்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக என் கை சும்மா இருந்திருக்கிறது.

"அடியுங்கோ! அக்கா, அடியுங்கோ!"

"யாரைங்க?"

"தடியை! நூலைச் சுத்தி இறுக்கி, தடியை மேலை அடியுங்கோ!"

சுற்றினேன், அடித்தேன். மறுமுனையில் யாரோ ஒரு கதவை அறைந்து சாத்தியதுபோல இருந்தது. ரீல் அலறியது. ஆம்பல் இலைகள் கிழிந்து எழுந்தன. படகு நங்கூரத்தோடு சுற்றியது. நான் எழுந்து நின்றேன், பத்மா என் மிதவைச் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார். "விடுங்கோ, ஓடட்டும்! இப்ப சுத்துங்கோ! விடுங்கோ! சுத்துங்கோ!" அந்தக் குரலில் அவர் பேருந்துக்குள் பேசியிருந்தால் யாருமே மணி அடித்திருக்க மாட்டார்கள். என் தோள் பிய்ந்துபோகிற மாதிரி வலித்தது. நான் கத்திக்கொண்டிருந்தேன் என்பது கரையில் நின்ற நந்தினி பிறகு சொல்லித்தான் தெரியும். இரண்டு அம்மாக்களும் அடித்துக்கொள்கிறார்கள் என்று பயந்து நிரோஜன் வேறு படகு தேடி ஓடினானாம்.

வலைக்குள் வந்தபோது அது பச்சையும் பொன்னுமாக, புள்ளி போட்ட பட்டுத் துணி மாதிரி இருந்தது. வாய் மட்டும் பத்மா சொன்னதுபோலவே முதலை.

"அளவு பாக்கவேணும்" என்றார் அவர். அளக்கிற பலகையைக் கரையில் விட்டுவிட்டு வந்திருந்தோம். நான் கைப்பையிலிருந்து இன்ச் டேப்பை எடுத்தேன். தையல்காரிக்கு எந்த ஊரிலும் அது கூடவே இருக்கும். எடுத்ததும் பழக்க தோஷத்தில் நடுவில் சுற்றப் போனேன்.

"வயித்தை அளக்காதேங்கோ. அதுக்குச் சட்டை தைக்கப் போறேல்லை!"

மூக்கிலிருந்து வால் வரைக்கும் பிடித்தேன். குறைவாக இருக்கட்டும், குறைவாக இருக்கட்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. டேப்பின் முனையை ஓர் அங்குலம் உள்ளே தள்ளிப் பிடித்திருந்தால் குறைந்துதான் இருக்கும். எதிரே பத்மா அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார். நேராகப் பிடித்தேன். அளவைத் தாண்டியிருந்தது. நன்றாகவே.

"நீங்கள் அங்காலை பாருங்கோ" என்றார் பத்மா மெதுவாக.

"இல்லீங்க. நான்தானே புடிச்சேன்." பார்த்தேன். ஒரு சின்னக் கட்டையால் தலையில் ஒரே தட்டு, பிறகு கத்தி. நொடியில் முடிந்தது. எனக்குக் கண் கலங்கியது. பத்மா தன் கையைக் கழுவிவிட்டு என் கையையும் ஏரித் தண்ணீரில் கழுவிவிட்டார். அந்த வழியாகப் போன படகிலிருந்து ஒரு தாத்தா தொப்பியைத் தூக்கி, பேக்கரிப் பெண் சொன்ன அதே வாழ்த்தைச் சொன்னார். என்ன பதில் என்று பத்மா சொல்லிக் கொடுத்தார். சொன்னேன். தாத்தாவுக்குப் புரிந்ததா தெரியாது, ஆனால் சிரித்தார்.

மாலையில் வெயில் இன்னும் இறங்காமல் இருக்க, வெளியே மேசை போட்டார்கள். எனக்குப் புதுச் சட்டியில் கத்தரிக்காய்க் குழம்பு. மேசையின் மறுகோடியில் ஹெஷ்ட், யாழ்ப்பாணத்து மிளகாய்த் தூளில் சிவந்து கிடந்தது. வாசனை என் பக்கம் வராமலிருக்க நிரோஜன் காற்றுத் திசை பார்த்து மேசையைத் திருப்பி வைத்திருந்தான்.

பத்மா நந்தினியின் தட்டில் ஒரு துண்டை வைக்கப் போய், என்னைப் பார்த்து நிறுத்தினார். நந்தினியும் என்னைப் பார்த்தாள். "எனக்கு வேண்டாம் ஆன்ட்டி" என்றாள் சட்டென்று.

"சாப்பிடு" என்றேன். "அம்மா புடிச்ச மீன். ருசி எப்படின்னு யாராவது சொல்லணுமில்ல."

தயங்கித் தயங்கி வாங்கிக்கொண்டாள். அந்த மீனில் முள் மோசம் என்று பத்மா காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். கவை கவையாக, தசைக்குள் ஒளிந்து கிடக்குமாம். என் மகள் விரல் நுனியால் தசையை நாராகப் பிரித்து, அந்தக் கவை முட்களை ஒன்றுகூட உடையாமல் வரிசையாக உருவித் தட்டின் விளிம்பில் வைத்தாள். பேச்சு வாக்கில், பார்க்காமலே. முதல் தடவை சாப்பிடுகிறவள் கை அது இல்லை. பல நாள் பழகிய கை. நிமிர்ந்தவள் நான் பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்து அப்படியே உறைந்தாள்.

"வடிவா எடுக்கறே" என்றேன், அழகுக்குப் பத்மா சொல்கிற வார்த்தையைக் கடன் வாங்கி. நந்தினியின் காது சிவந்தது. பத்மா தண்ணீர் குடிக்கிற சாக்கில் முகத்தை மறைத்துக்கொண்டார்.

அப்போது ஃபோன் அடித்தது. ஊரிலிருந்து மாமா, என் கணவரின் அண்ணன். மேசையில் எல்லாருடைய கையும் நின்றது. நான் எழுந்து போகவில்லை. அங்கேயே உட்கார்ந்து ஸ்பீக்கரில் போட்டேன்.

"என்ன, பார்த்தாச்சா? எப்படி?" என்றார் மாமா.

"பார்த்தாச்சுங்க மாமா. தை மாசம் வெச்சுக்கலாங்க."

நந்தினி என் முழங்கையைப் பிடித்தாள்.

"நான் சொன்னனே, வந்து யோசிச்சு..."

"யோசிச்சிட்டனுங்க."

"பையனோட அப்பா என்ன பண்றாரு? பேசினியா?"

"அவரு கூட இல்லீங்க. வேற குடும்பம். பையனை வளர்த்தது சம்பந்தியம்மா. பஸ் ஓட்டறாங்க. பெரிய பஸ்ஸுங்க." சம்பந்தியம்மா என்று நான் சொன்னது அதுதான் முதல் தடவை. பத்மா தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அப்ப தாலி யாரு எடுத்துக் குடுக்கறது?"

"அவங்களும் நானும்."

"நீயா? மேடையிலயா?"

"ஆமாங்க மாமா. நீங்க முன்வரிசையில உட்கார்ந்து ஆசீர்வாதம் பண்ணோணும்."

ஏரியில் எங்கோ ஒரு மீன் துள்ளி விழுந்தது. பத்மா மேசைக்குக் கீழே என் கையைத் தேடிப் பிடித்தார். பேருந்து ஸ்டீயரிங்கைப் பிடிக்கிற பிடி, வலித்தது.

மாமா தொண்டையைச் செருமினார். ஆள் தோற்றுப்போகும்போது கடைசியாக ஒன்றைப் பிடித்துக்கொள்வார், எனக்குத் தெரியும். "அதெல்லாம் இருக்கட்டும். அவங்க சைவமா? அதையாவது கேட்டியா?"

"இல்லீங்க மாமா. அவங்க சைவம் இல்லை." நந்தினியைப் பார்த்தேன். "நம்ம பொண்ணும் இல்லை. இப்ப அவங்க சாப்பிட்டுட்டிருக்கற மீனைப் புடிச்சுக் குடுத்ததே நான்தானுங்க."